கையைப் பார்த்துப் படித்தவர்

சென்னையில் இப்போது ரெக்கார்டிங்குகளில் செலோ வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் போன மாதம் போன் செய்தாள். "மேடம், உங்க சேனல எல்லாரும் பாக்குறோம். ஆனா தப்பு வர்ற இடத்தையெல்லாம் அப்படியே விட்டுடறீங்களே, கட் பண்ணத் தெரியலையா? ஃபைல அனுப்புங்க, நாங்க க்ளீன் பண்ணித் தர்றோம்" என்றாள். பின்னால் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம். எனக்கு வந்ததே கோபம்! வெட்டவும் ஒட்டவும் தெரியாமலா இருபத்தெட்டு வருஷம் ரெக்கார்டிங் தியேட்டரில் குப்பை கொட்டினேன்? தெரிந்ததுதான் வினையாகப் போனது. அதைப் போனில் சொல்ல முடியாது, எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். இதோ எழுதுகிறேன்.

என் பெயர் சரோஜா. வயது அறுபத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. திருநாவலூர்ப் பக்கம் கரும்பும் நெல்லும் போட்ட குடும்பம் எங்களுடையது. கடலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது வயலின் வகுப்பில் இடமில்லை என்றார்கள். நான் வகுப்பிலேயே உயரம். மூலையில் சும்மா கிடந்த செலோவை என்னிடம் தள்ளிவிட்டார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வயலினின் பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, குறுக்கே வில்லைப் போட்டு வாசிப்பது. புடவையில் அதை வாசிக்கக் கொசுவத்தை எவ்வளவு அகலமாக வைக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. அப்புறம் சென்னை, பரீட்சைகள், சிபாரிசுக் கடிதம், சினிமா இசைக்குழுவில் கடைசி நாற்காலி. கற்ற காலம் அவ்வளவுதான்.

தியேட்டரில் ஒன்பது மணி என்றால் எட்டரைக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். வளையல், கடிகாரம், சங்கிலி எல்லாம் கைப்பைக்குள் போய்விடும். சங்கிலி மரத்தில் தட்டினால் மைக் விடாது. பட்டுப்புடவை கூடாது, சரசரக்கும். சுரம் எழுதிய தாளைக் கொடுப்பார்கள். எங்கள் வரிசைக்குத் தலைவரான தேவசகாயம் சார் சிவப்பு நீலப் பென்சிலால் ஒவ்வொரு வரியிலும் வில் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று குறிப்பார். ஆறு பேரும் அதைப் பார்த்துத் தங்கள் தாளில் குறித்துக்கொள்வோம். இரண்டு ஒத்திகை. அப்புறம் சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட வேண்டும்.

தேவசகாயம் சார் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. யாராவது தப்பாக வாசித்துவிட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்ஜினியரைப் பார்த்துச் சுண்டு விரலை மட்டும் தூக்குவார். டேப் நிற்கும். தப்பு நடந்த இடத்துக்கு நாலு தாள அடி முன்னாலிருந்து மறுபடி வாசித்து, பழைய சத்தத்துக்குள் புதிதைச் சொருகுவார்கள். 'பஞ்ச்' என்போம். யார் தப்பு செய்தது என்று சபையில் சொல்லமாட்டார். எல்லாம் முடிந்து வில்லைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "முப்பத்திரண்டு" என்பார். நான் கோட்டை விட்ட அடியின் எண். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடச் சாப்பாடு இறங்கியிருக்கும்! ஒரு தடவை மட்டும் வாயைத் திறந்து சொன்னார்: "வெளிய போற சத்தத்துல நம்ம சங்கடம் தெரியக்கூடாதும்மா." அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களை யாரும் பார்த்ததே கிடையாது. திரையில் கதாநாயகி அழுவாள், பின்னால் நாங்கள் வாசிப்போம். என் முகமோ கையோ யாருக்கும் தேவைப்படவில்லை. சத்தம் சுத்தமாக இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் அடுத்த தடவை கூப்பிடமாட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் காதுக்கு மட்டுமே உழைத்தவள் நான். என்னுடைய பெரிய தப்பு இதிலிருந்துதான் வந்தது.

ஆறேழு பேர் வாசித்ததை ஒரே ஆள் கீபோர்டில் வாசிக்கிற காலம் வந்ததும் கூப்பிடுவது குறைந்தது. மூட்டை கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் தம்பி பழனியின் வீட்டு மாடிக்கு வந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. போனைச் சுண்டல் டப்பா மேல் சாய்த்து வைத்து, வெள்ளைக்காரர்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தனிச் செலோவுக்கு எழுதிய இசையை ஒவ்வொன்றாக வாசித்து இணையத்தில் என் சேனலில் ஏற்றினேன். கேட்பவர்களுக்கு முழுதாக ஒன்று. கற்பவர்களுக்கு அதையே மெதுவாக வாசித்து இன்னொன்று. கடையில் மாவு அரைக்கக் கொடுத்துவிட்டு வருகிற நேரத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் நன்றி எழுதியிருப்பார்கள். இருபத்தெட்டு வருஷம் கிடைக்காத கைதட்டல். தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

எல்லாரும் கொண்டாடிய வீடியோ ஒன்று உண்டு. அந்த இசையில் ஓர் இடம். தடித்த கம்பியில் ஒரு கீழ்ச் சுரம். உடனே மெல்லிய கம்பியில் வெகு உயரத்தில் ஒரு மேல் சுரம். கீழே அழுத்திய விரலை எடுத்தால்தான் கை மேலே போக முடியும். எடுத்ததும் கண் இமைக்கிற நேரத்துக்கு ஒரு வெறுமை விழும். யார் வாசித்தாலும் விழும். எனக்கு அது துணியில் பொத்தல் போலத் தெரிந்தது. கீழ்ச் சுரத்தைத் தனியாக நீட்டி வாசித்து அடியில் ஒட்டினேன். இரண்டும் சேர்ந்து ஒலித்தன; கேட்க அமிர்தம், மனுஷக் கையால் முடியாத காரியம். வீடியோவில் தெரியும் படத்துக்கு, வேறொரு தடவை வாசித்த டேக்கைப் போட்டேன். அதில்தான் என் தலைமுடி ஒழுங்காக இருந்தது. அந்த டேக்கில் நான் அந்த இடத்தைத் தவறவிட்டதால் கை கீழேயே நின்றிருக்கும். அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அதன் கீழே ஏழுமலை என்று ஒருவர், ஜீப் படத்தோடு எழுதியிருந்தார்: "மேடம் இந்த எடத்துல விரல் எப்டி எட்டுது?" எந்த இடம் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் எழுதுவதையே எழுதினேன்: "தினமும் பயிற்சி செய்யுங்கள், வரும்." சில மாதம் கழித்து, சேனலில் போட்டிருந்த என் எண்ணுக்கு அவரே போன் செய்தார். வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிறாராம். சாமை, தினை பற்றி ஆராய வந்து ஒரு வருஷம் தங்கிய வெளிநாட்டுப் பெண்ணைத் தினமும் ஏற்றி இறக்கியவர். அந்தப் பெண் செலோ வாசிப்பதை இவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பாராம். ஊருக்குப் போகும்போது செலோவை இவரிடமே கொடுத்துவிட்டாராம். "ரொம்ப ட்ரை பண்றேன் மேடம். கை வலிக்குது" என்றார். குக்கர் நாலாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. "எல்லார் கைக்கும் வராதுங்க ஏழுமலை. சில கை அப்படி. வேற ஏதாவது லேசா வாசிங்க" என்று சொல்லி அடுப்பை அணைக்க ஓடினேன். "சரிங்க மேடம்" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்புறம் ஒருநாள் அவர் மனைவி செல்வியிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அம்மா, ஏழுமலை வூட்டுக்காரம்மா பேசுறேங்க. இந்தப் பெரிய பொட்டிய யார்னா வாங்கிக்குவாங்களா சொல்லுங்க. அவருக்கு எடது கை கட்டவெரலு மடங்க மாட்டேங்குது. போன வாரம் வளைவுல கியரு மாத்த முடியாம வண்டி பின்னால உருண்டுடுச்சு. உள்ள ஆறு பேரு. சாமி புண்ணியம், ஒரு மரம் தாங்குச்சு. இப்ப வண்டிக்கு எந்தம்பிதான் போய்க்கினு கீறான். அவரு கை இதுக்கு ஒதவாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே. அதான் வித்துடலாம்னு."

இரண்டு தடவை கேட்டேன். ஆறு பேர் என்ற இடத்தை மூன்றாவது தடவையும் கேட்டேன். அதோடு ஒரு சந்தேகமும் வந்தது. அந்த இசையில் விரலை இழுத்து நீட்டுகிற இடமே கிடையாதே, கட்டை விரல் எப்படிக் கெடும்? பழனி, "இன்னாக்கா, வீடியோ பாக்குறவன் கையெல்லாம் நீ போய் பாப்பியா?" என்றான். "போய்த்தான் பாக்கணும்" என்றேன். காலை முதல் பஸ்ஸில் செலோவோடு ஏறினேன். பஸ் கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, "இன்னாம்மா இது, உள்ள ஆளு எதுனா கீதா?" என்றார். இருந்த மனநிலையில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏழுமலைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள், பேச்சு கம்மி. நான் பெட்டியோடு வாசலில் நின்றதைப் பார்த்து லுங்கியை இறக்கிவிட்டு எழுந்தார். செல்வி தண்ணீர் கொடுத்தாள், முகத்தைக் கொடுக்கவில்லை. "எப்படி வாசிச்சீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க, வில் வேண்டாம், விரல் மட்டும்" என்றேன். தன் செலோவைக் கொண்டுவந்து உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலைத் தடித்த கம்பியில் அழுத்தினார். அதை எடுக்காமலே சுண்டு விரலை மேல் சுரத்துக்கு இழுத்தார். எட்டவில்லை. இன்னும் இழுத்தார். செலோவின் கழுத்துக்குப் பின்னால் கட்டை விரல் கிடுக்கியாக இறுகியது. வலியில் பல்லைக் கடித்தார்.

"ஐயோ, விடுங்க விடுங்க! யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தா?"

"நீங்கதான் மேடம்" என்றார். "எனக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாதுங்க. உங்க கையப் பாத்துப் பாத்துத்தான் படிக்கிறேன்."

போனை எடுத்து அந்த இடத்தை ஓட்டிக் காட்டினார். என் கை கீழேயே நிற்கிறது. இரண்டு சுரமும் சேர்ந்து ஒலிக்கின்றன. ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பார்க்கிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று அதுவரை தோன்றியதே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் அந்தக் கையைத்தான். எத்தனை நூறு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பார்!

உண்மையைச் சொல்கிறேன்: ஒரு நிமிஷம் மழுப்பிவிடலாமா என்று நினைத்தேன். உங்கள் செலோவின் கழுத்து அளவு வேறு, என்னுடையது வேறு என்று எதையாவது அளந்துவிட்டால் அவர் நம்பியிருப்பார். "சரிங்க மேடம்" என்றிருப்பார். அந்த மரியாதையை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.

"ஏழுமலை, அந்த இடத்தை யாராலும் அப்படி வாசிக்க முடியாது. என்னாலயும் முடியாது. ரெண்டு சத்தத்தைத் தனித்தனியா எடுத்து நான்தான் ஒட்டுனேன். படமும் வேற. உங்க கையில ஒரு குறையும் இல்ல."

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து, "எங்க வண்டில டயரு ஒட்டுப் போட்டதா இருந்தா, ஏறும்போதே சொல்லிடுவோங்க மேடம்" என்றார். "கேட்டுட்டு ஏறுறவன் ஏறுவான், எறங்குறவன் எறங்குவான்."

செல்விக்கு அந்தப் பொறுமை இல்லை. "ஆறு மாசம்மா! கறி ஆக்குனாக்கூட பிசைஞ்சு துன்னாம அதையே நோண்டிக்கினு கெடந்தாரு. என் கை லாயக்கில்ல, என் கை லாயக்கில்லன்னு பொலம்பிக்கினு இருந்தாரு. நீங்க பாட்டுக்கு ஒட்டுனேன்றீங்க. வண்டி பள்ளத்துல போயிருந்தா எத ஒட்டியிருப்பீங்க?"

மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் எந்தெந்த ஊரில் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்களோ! "செல்வி, உங்க போனைப் பிடிங்க" என்றேன். "முகம் வேண்டாம். என் இடது கை மட்டும் தெரியணும். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது, என்ன ஆனாலும்." ரொம்ப யோசித்துவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

முதலில் பேசினேன். இந்த இசையை நான் முன்னால் போட்டது ஒட்டுப் போட்டது, இன்ன இடத்தில் ஒட்டினேன், அதைப் பார்த்துப் பழகி ஒருவர் கை கெட்டிருக்கிறது என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். அப்புறம் வாசித்தேன். பஸ்ஸில் வந்த களைப்பு, மலைக் காற்றில் கம்பி கொஞ்சம் இறங்கியிருந்தது, விரல் சூடாகவில்லை. அந்த இடம் வந்தது. கீழ்ச் சுரத்தை விட்டேன், கையைத் தூக்கினேன், சத்தம் அறுந்தது, மேலே போய் விழுந்தேன். "விட்டுட்டுப் போறாங்க!" என்று ஏழுமலை கத்தினார். செல்விக்குச் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா தெரியவில்லை. அதில் நான் தடுமாறி, பின்னால் ஓர் அடியை முழுதாகக் கோட்டை விட்டேன். தேவசகாயம் சாரின் சுண்டு விரல் கண் முன்னால் எழுந்தது. மன்னியுங்கள் சார் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, நிறுத்தாமல் கடைசி வரை வாசித்தேன். ஒரு சுரம்கூட வெட்டாமல் அன்றைக்கே ஏற்றினேன்; அதற்கப்புறம் ஏற்றிய எதையும் வெட்டியதில்லை. பழையதை அழிக்கவில்லை, எந்த நொடியில் ஒட்டு இருக்கிறது, யாரும் அங்கே கையை நீட்ட வேண்டாம் என்று அதன் தலைப்பிலேயே எழுதினேன்.

ஏழுமலையைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துவந்து எலும்பு டாக்டரிடம் காட்டினேன். கட்டை விரலின் அடியில் தசைநார் உறை வீங்கியிருக்கிறது, பட்டை போட்டு மூன்று மாதம் அசைக்காமல் வைத்தால் வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் எங்களை அம்மாவும் பிள்ளையும் என்றே நினைத்தார்கள். செல்வி மட்டும் ஒவ்வொரு தடவையும், "டாக்டரு, அந்த வீடியோ போட்டது இவங்கதான்" என்று போட்டுக் கொடுப்பாள்.

வீடியோ பார்த்த ஆட்களில் சிலர் ஏமாற்றுக்காரி என்று எழுதிவிட்டுப் போனார்கள். என்னோடு வாசித்த ஒருவர் போனில் எகிறினார்: "உனக்கென்ன பைத்தியமா சரோஜா? இனிமே நாம வாசிச்ச எல்லாத்தையும் ஒட்டுன்னு சொல்லுவான்." "ஒட்டுதானே வாசிச்சோம்?" என்றேன். வைத்துவிட்டார். வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தக் கேள்வி வந்தாலும் எந்த நொடி என்று போய்ப் பார்க்காமல் பதில் எழுதுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். இன்று வரை தவறவில்லை. நாள் முழுக்க அதற்கே சரியாகிவிடுகிறது, ஆகட்டும்.

மூன்று மாதம் நாலாகி, பட்டையைக் கழற்றினார்கள். ஏழுமலை மறுபடி வண்டி எடுத்தார். செலோவை மட்டும் தொடவில்லை. விற்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை; கேட்கிற யோக்கியதை எனக்கு ஏது? பார்த்துவிட்டு வரலாம் என்று ஒருநாள் வெள்ளிமலைக்குப் போனேன். திரும்பும்போது, "பஸ்ஸு வேணாம் மேடம், நானே எறக்கி விடறேன்" என்றார். பின்னால் ஏதோ சாமான் ஏற்றினார். நான் முன்னால் உட்கார்ந்தேன். கரியாலூர் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. நான் ரோட்டையே பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அந்த இடது கை கியர் குமிழில் போய் உட்கார்வதையும், கட்டை விரல் மடங்குவதையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மடங்கியது. மறுபடியும் மடங்கியது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

"அப்டி பாக்காதீங்க மேடம். நீங்க பாக்கப் பாக்க எனக்கு பயமா கீது" என்றார்.

இரண்டு வளைவு தாண்டினோம். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு போன்ல சொன்னீங்களே, சில கைக்கு வராதுன்னு. இந்தக் கைக்கு வருமா மேடம்?"

வரும் என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

"தெரியல ஏழுமலை. பாக்காம சொல்ல மாட்டேன்."

சாலை கொஞ்சம் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, கை பிரேக்கை இழுத்தார். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். கம்பளிப் போர்வையை விலக்கியதும் பெட்டி தெரிந்தது. அந்தச் சாமான் செலோதான்.

"பாத்துட்டே சொல்லுங்க" என்று, இடது கையால் அதைத் தூக்கி வெளியே எடுத்தார்.